வழக்கம்போல் நிறுவிக்கொள்ளவும்

பத்தாங் பெர்ஜுந்தாய்
9 மார்ச் 2025

புவனேசன் அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீங்கள் திறக்கவே இல்லை. அதனால் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். என் பெயர் முரியல். உங்கள் தங்கை பிரமிளா கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனபோது, தோட்டங்களிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் நம் தொண்டூழிய வேன்களின் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்த வேன் யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்று ஓட்டுநர்களின் கைப்பேசிக்குச் சொல்வது நீங்கள் எழுதிய 'வாசல்' மென்பொருள்தான். உங்கள் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலத்தில், ஒரு நாள் மூன்று வேன்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதாம், அடுத்த தோட்டத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லையாம். அன்றைக்கே நீங்கள் இதை எழுத உட்கார்ந்தீர்கள் என்று பிரமிளா சொல்லியிருக்கிறார்.

போன வாரம் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் 'வாசல்' பக்கத்தைத் திறந்தேன். ஜூன் கடைசியோடு மூடப்படும் என்று சிவப்பில் ஓர் அறிவிப்பு. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன் அண்ணே.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், பத்தாங் காலியிலிருந்து கோகிலன் என்று ஒருவர் வந்திருந்தார். கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்தவர். அவர்கள் ஊரிலும் இப்படி வேன் விடப் போகிறார்கள். நம் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு மனுசன் சந்தோஷமாகப் போனார். இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நான் பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முட்டி மோதிவிட்டுக் கூப்பிட்டார். "சிஸ்டர், இது உங்களுக்கு மட்டும்தான் ஓடும் போல லா."

எப்படி நிறுவுவது என்று நீங்கள் எழுதிய வழிகாட்டியை நானும் பார்த்தேன். முதல் வரி, "வழக்கம்போல் நிறுவிக்கொள்ளவும்." யாருடைய வழக்கம் அண்ணே?

மூடாதீர்கள். பதில் போடுங்கள்.

முரியல்


பெர்த்
12 மார்ச் 2025

முரியல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அக்கறைக்கு நன்றி.

'வாசல்' திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் முழுவதையும் எவரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று ஆரம்பத்திலிருந்தே பொதுவில் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு வந்தவை புகார்கள் மட்டுமே. வேன் தாமதம் என்றால்கூட எனக்குத்தான் எழுதுகிறார்கள். ஒரு வரித் திருத்தம் எவரும் அனுப்பியதில்லை. கதவு திறந்தே இருந்தது. யாரும் வரவில்லை.

நான் இங்கே சுரங்க நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. இதைத் தனியாக இழுத்துக்கொண்டு போக இனி என்னால் முடியாது. மூடுவது என்றால் அழிப்பது அல்ல. உங்களிடம் ஓடிக்கொண்டிருப்பது ஓடும். புதிதாக எதுவும் சேராது, அவ்வளவுதான்.

பத்தாங் காலிக்காரர் வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

அன்புடன்,
புவனேசன்


பத்தாங் பெர்ஜுந்தாய்
16 மார்ச் 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு, சரி, கதவு திறந்திருக்கிறது என்கிறாரே, நாமே போய்ப் பார்ப்போம் என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. ரவாங்கில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் செய்முறைத் தாள் எழுதுகிறேன். புதிதாக வரும் ஆள், அவர் நேப்பாளியோ பங்களாதேஷியோ நம் ஆளோ, யாரையும் கேட்காமல் அந்தத் தாளைப் பார்த்தே இயந்திரத்தை ஓட்ட வேண்டும். ஓட்ட முடியவில்லை என்றால் தப்பு அவர் மேல் இல்லை, தாள் மேல். எங்கள் மேலாளர் அந்த விஷயத்தில் யாரையும் விடமாட்டார்.

அதே கண்ணோடு உங்கள் வழிகாட்டியைப் படித்தேன். எந்தெந்த மென்பொருள் முதலிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. இரண்டாவது கட்டளை என் கணினியில் பிழை காட்டியது. அந்தப் பிழை வந்தால் என்ன செய்வது என்றும் இல்லை. திருத்தம் அனுப்ப விரும்புவோர் அனுப்பலாம் என்று மட்டும் இருக்கிறது. எங்கே, எப்படி, யார் பார்ப்பார், எத்தனை நாளில் பதில் வரும், ஒன்றும் கிடையாது. நீங்கள் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறீர்கள். வீடு எந்தத் தெருவில் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். படிக்கப் படிக்க எனக்குக் கை பரபரத்தது. இது சரிசெய்யக்கூடிய கோளாறு. என் தொழிலே இதுதான்.

திருத்தம் அனுப்ப வருகிறவர்களுக்கான பங்களிப்பாளர் வழிகாட்டியை என்னை எழுத விடுங்கள். தமிழிலும் மலாயிலும் எழுதுகிறேன். ஜூன் கடைசிக்குள் உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து உருப்படியான ஒரே ஒரு திருத்தம் வரட்டும். வந்தால் மூடக் கூடாது. வராவிட்டால் நானே வாயை மூடிக்கொள்கிறேன்.

என் கேள்விகளைத் தனியே இணைத்திருக்கிறேன். நீளமாக இருக்கும். கோபப்படாதீர்கள்.

முரியல்


பெர்த்
22 மார்ச் 2025

முரியல் அவர்களுக்கு,

கேள்விகளைப் பார்த்துக் கோபம்தான் பட்டேன். "இதுகூடத் தெரியாதா" என்று முதல் கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். எனக்கே பதில் நினைவில்லை.

என் பழைய கணினியை ஒதுக்கிவிட்டு, மனைவியின் கணினியில் என் வழிகாட்டியை நானே வரி வரியாகப் பின்பற்றிப் பார்த்தேன். ஓடவில்லை. காரணம் தேடி அரை நாள் போயிற்று. தரவுத்தளத்தை முதலில் உருவாக்க வேண்டும். அதை நான் எப்போதோ என் கணினியில் ஒருமுறை செய்து மறந்துவிட்டேன். வழிகாட்டியில் அந்தப் படியே இல்லை. உங்கள் பத்தாங் காலிக்காரர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தாலும் அது ஓடியிருக்காது. அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எழுதுங்கள். வழிகாட்டிப் பக்கங்களை மாற்றும் அனுமதியை உங்கள் பெயருக்குக் கொடுத்திருக்கிறேன். பந்தயத்துக்கும் சரி. ஆனால் வீண் நம்பிக்கை வைக்காதீர்கள்.

புவனேசன்


பத்தாங் பெர்ஜுந்தாய்
27 ஏப்ரல் 2025

அண்ணே,

நேற்று நடந்ததை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வழிகாட்டியை எழுதி முடித்ததும், அதைச் சோதிக்காமல் வெளியிட மனம் வரவில்லை. புக்கிட் பெலிம்பிங் பொது மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். கோகிலன் பத்தாங் காலியிலிருந்து வந்தார். விஷாலினி என்று ஒரு பெண்ணும் வந்தாள். ரவாங்கில் கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. கல்லூரியில் நிரல் எழுதப் படித்தவள், ஆனால் பிறகு தொடவே இல்லையாம். மண்டபத்தில் இணையம் கிடையாது. என் கைப்பேசியிலிருந்துதான் எல்லோரும் இணைப்பு எடுத்துக்கொண்டோம்.

தொழிற்சாலையில் புதிய தாளைச் சோதிக்கும்போது ஒரு விதி உண்டு. எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அதையே இங்கும் வைத்தேன். அண்ணே, அது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா. இருவரும் தப்பான இடத்தில் போய் நிற்கிறார்கள், எனக்கு நாக்கு துடிக்கிறது, பேச முடியாது. காலையில் ஒருவராலும் முடிக்க முடியவில்லை. விஷாலினி நிமிர்ந்து பார்த்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதப் படிக்கவே ஒரு நாள் லீவு போடணும் போல இருக்கு" என்றாள்.

உங்கள் வழிகாட்டியில் ஒன்றுமே இல்லை. என்னுடையதில் எல்லாமே இருந்தது. எனக்குத் தெரிந்ததை ஒன்று விடாமல் கொட்டி வைத்திருந்தேன். எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிக்க முடியாதபடி.

கோகிலன் மீ கோரேங் வாங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டே மூவரும் வழிகாட்டியை வெட்டினோம். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வேலைதான்: உன் கணினியில் 'வாசல்' திரை தெரிய வேண்டும். அது தெரியும்வரை வேறு எதுவும் பேசக் கூடாது. ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, சரியாக நடந்தால் திரையில் என்ன வரும் என்று காட்டினோம். பிழை வந்தால் என்ன செய்வது என்பதைப் பக்கத்திலேயே வைத்தோம். திருத்தம் அனுப்புவது இரண்டாம் பக்கம். மற்றதெல்லாம் பின்னால்.

மதியத்துக்கு மேல் பழையதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நான் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பிறகு விஷாலினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "வந்துருச்சி, வந்துருச்சி." திரையில் நம் வரைபடம், அதில் பச்சை நிறத்தில் வேன். அவள் முடித்த கொஞ்ச நேரத்தில் கோகிலனுக்கும் வந்தது. மனுசன் உடனே திரையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மண்டபக் காவலாளி மலாய்க்காரர், என்னமோ பரிசு விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்.

இன்னொன்று. ஓட்டிப் பார்ப்பதற்காக வழிகாட்டிப் பக்கங்களோடு வைத்திருக்கும் மாதிரிப் பயணிகளின் பெயர்கள் உண்மையான ஆட்களுடையவை போல இருந்தன. நோயாளிகள் விஷயம், ஆபத்து என்று பட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'பயணி அ', 'பயணி ஆ' என்று மாற்றிவிட்டேன்.

முரியல்


பெர்த்
28 ஏப்ரல் 2025

முரியல் அவர்களுக்கு,

மாதிரிப் பெயர்களில் கை வைக்க உங்களுக்கு யார் சொன்னது? வழிகாட்டியைத் திருத்தத்தான் அனுமதி கொடுத்தேன்.

முதலில் இருந்த பெயர் சின்னத்தாய். என் அம்மா. நான் எழுதியது முதன்முதலாக ஓடிய அன்று திரையில் வந்த முதல் பெயர் அது. அம்மா போன பிறகு அந்த நிரலை நான் திறக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம், மூடிவிட நினைத்ததற்கும் அதுதான் காரணம். 'பயணி அ' என்று எழுதிவிட்டீர்கள்.

அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இத்துடன் விட்டுவிடுவோம்.

புவனேசன்


பத்தாங் பெர்ஜுந்தாய்
4 மே 2025

அண்ணனுக்கு,

எனக்குத் தெரியாது அண்ணே. தெரிந்திருந்தால் உங்களைக் கேட்காமல் தொட்டிருக்க மாட்டேன். அம்மாவை நான் பார்த்ததில்லை. கேட்காமல் செய்தது என் தப்புதான். மன்னித்துவிடுங்கள். அனுமதி இல்லாததால் என்னால் பழையபடி வைக்கவும் முடியவில்லை. நீங்கள்தான் வைக்க வேண்டும்.

பிரமிளாவைக் கூப்பிட்டேன். அழுதார், பிறகு சிரித்தார். அம்மா வேனில் ஏறியதும் ஓட்டுநரைப் பார்த்து, "எல்லாரையும் ஏத்தியாச்சா, யாரயாச்சும் விட்டுட்டியா" என்று கேட்காமல் கதவைச் சாத்தவிட மாட்டாராம். அதைக் கேட்ட பிறகு எனக்கு உங்கள் கோபம் இன்னும் நன்றாகப் புரிந்தது.

ஆனால் நான் ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று கோகிலன் மாதிரிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அதே போலத் தன் ஊர் நோயாளிகளின் உண்மைப் பெயர்களை எழுதிப் பொதுவில் ஏற்றப் போனார். கடைசி நொடியில் தடுத்தேன். இங்கே இப்படித்தான் செய்வார்கள் போல என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. புதிதாக வருகிறவர் முதலில் பார்ப்பதைத்தான் பின்பற்றுவார். இதற்கு என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுமதியை எடுப்பதற்கு முன்தினம் கோகிலன் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே முகவரி. வரைபடத்தைப் பார்த்துப் போனால் வேன் எஸ்டேட் அலுவலகத்தில் போய் நிற்கும். நம் ஓட்டுநர்களுக்கு எல்லா வீடும் தெரியும், அதனால் நமக்குத் தெரியவில்லை. பத்தாங் காலி ஓட்டுநர்கள் புதியவர்கள். முகவரிக்குக் கீழே அடையாளம் எழுத ஒரு வரி சேர்த்திருக்கிறார். "கோயிலுக்குப் பின்னால், நீலக் கதவு" என்று ஓட்டுநர் திரையில் தெரியும்.

உங்களுக்கு முன்பின் தெரியாதவர். பந்தயத்துக்காகச் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டேன். நீங்கள் பார்க்காவிட்டால் அந்தத் திருத்தம் அங்கேயே நிற்கும். ஒரு மனுசன் முதல் தடவையாகக் கதவைத் தட்டியிருக்கிறார் அண்ணே.

முரியல்


பெர்த்
10 மே 2025

முரியல்,

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொண்டவன், சமாதானமாகும்போதாவது தங்கச்சி மாதிரி பேச வேண்டும்.

உன் கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அத்தை இருந்திருந்தா மொதல்ல அந்த பத்தாங் காலிக்காரருக்குத்தான் பதில் போடச் சொல்லியிருப்பாங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

கோகிலனின் திருத்தத்தைத் திறந்தேன். ஒரு வரியைத் தவிர எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உன் புது வழிகாட்டியில் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தார். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று மேலே எழுதியிருந்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சிறு சோதனையும் கூடவே வைத்திருந்தார். அதைப் படிக்கும்போது எனக்கு என்னமோ செய்தது. இந்த நிரலை என்னைத் தவிர இன்னொரு மனிதர் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து, யோசித்திருக்கிறார். இது எனக்கு முதல் தடவை. ஏற்றுக்கொண்டேன். அவருக்கு எழுதியும் விட்டேன்.

அம்மா பெயரைப் பற்றி நாள் முழுக்க யோசித்தேன். நீ சொன்னது சரி. உன் வழிகாட்டியில் ஒரு பத்தியை நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். படித்துப் பார், மொழி சரியில்லை என்றால் திருத்து:

"உண்மையான நோயாளிகளின் பெயரையோ முகவரியையோ ஒருபோதும் இங்கே ஏற்றாதீர்கள். மாதிரிக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டியலின் முதல் பெயர் சின்னத்தாய். இந்த மென்பொருளின் முதல் பயணி. அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு அது இங்கே இருக்கிறது."

பிரமிளாவிடமும் கேட்டுக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு நீ வைத்த 'பயணி ஆ', 'பயணி இ' வேண்டாம். மனுசர் பெயராகவே வைப்போம், கற்பனைப் பெயர். அது உன் வேலை. அனுமதி திரும்பவும் உன்னிடம் இருக்கிறது, இந்த முறை எல்லாப் பக்கங்களுக்கும்.

அண்ணன்


பத்தாங் பெர்ஜுந்தாய்
15 ஜூன் 2025

அண்ணே,

அந்தப் பத்தியில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

உங்களுக்கு வந்து குவியும் திருத்தங்களின் அறிவிப்பு எனக்கும் வருகிறது, அதனால் நீங்கள் எல்லாம் பார்த்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சபாக் பெர்ணமிலிருந்து ஒருவர் மலாய் வழிகாட்டியில் நான் விட்ட தப்புகளை எல்லாம் திருத்தி அனுப்பியிருக்கிறார். கெடாவிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை, எழுத்தைப் பெரிதாகக் காட்டும் வசதி. யாரென்றே தெரியாத ஒருவர், பெயருக்குப் பதில் பூனைப் படம் வைத்திருப்பவர், வெறும் முற்றுப்புள்ளி ஒன்றைத் திருத்தினார். விஷாலினி அதற்கும் நன்றி எழுதினாள். இரண்டே நாளில் அந்தப் பூனைக்காரர் இன்னும் பெரிய கோளாறு ஒன்றைச் சரிசெய்து அனுப்பினார். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் வந்தாலே என் கை கைப்பேசிக்குப் போகிறது. "யாரு முரியல், காதலா?" என்று கேட்கிறார்கள்.

வியாழக்கிழமை பத்தாங் காலியில் வேன் ஓடத் தொடங்கியது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முதல் பயணி அர்ஜுனன் என்று ஒருவர், முன்பு தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவராம். இன்னும் பழைய லயத்தில்தான் இருக்கிறார். ஓட்டுநர் அந்தப் பக்கமே வந்ததில்லை. கைப்பேசியில், "தண்ணீர்த் தொட்டி தாண்டி, முருங்கை மரம் உள்ள வீடு" என்று காட்டியது. நேராகப் போய் நின்றார். அர்ஜுனன் அப்போதுதான் அலுவலகம் வரை நடந்து போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "ஆபீஸ் வரைக்கும்தான் வண்டி வரும்னாங்களே. இங்கயே வந்துட்டீங்களே லா" என்றார். வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தார். கோகிலன் முன்னிருக்கையில் இருந்தார். திரும்பவே இல்லை. கண்ணைத் துடைக்கிறார் என்று நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது ஒரு கோரிக்கை. வருகிற திருத்தங்களை நீங்கள் ஒருவரே பார்த்தால் மறுபடியும் களைத்துப் போவீர்கள். விஷாலினிக்கும் கோகிலனுக்கும் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் கொடுங்கள். யார் அனுப்பினாலும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்று வழிகாட்டியில் எழுதிவிடுகிறேன். யார் அனுப்பினாலும். சம்மதமா?

முரியல்


பெர்த்
29 ஜூன் 2025

முரியல்,

சிவப்பு அறிவிப்பை எடுத்துவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாகப் படிப்பாய்.

இருவருக்கும் அதிகாரம் கொடுத்த மறுநாள் நானும் ஒரு திருத்தம் எழுதினேன். ரொம்ப நாளாக மனதில் இருந்தது. நோயாளிக்குத் திடீரென்று நேரம் மாறினால் மற்றவர்களின் வரிசை குழம்பாமல் இருக்க ஒரு வழி. பழைய வேகம் திரும்பி வந்தது மாதிரி, அலுவலகம் விட்டு வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி, நேராக உள்ளே தள்ளப் பார்த்தேன். கணினி உள்ளே விடவில்லை. இன்னொருவர் பார்க்க வேண்டும் என்றது. சரி என்று அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

விஷாலினி திருப்பி அனுப்பிவிட்டாள். "அண்ணே, யோசனை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சோதனை எதுவும் கூட வைக்கல. ஏன் மாத்துனீங்கன்னும் எழுதல. ரெண்டாம் பக்கத்தப் பாத்துட்டுத் திரும்ப அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, உதவி செய்யறோம்."

நான் சத்தமாகச் சிரித்தேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். படித்துக் காட்டினேன். அவள் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். பிறகு இரண்டாம் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். சொன்னபடியே செய்தேன். சோதனை எழுதும்போது என் நிரலில் தப்பு ஒன்று இருப்பது தெரிந்தது. அதையும் சரிசெய்து அனுப்பினேன்.

இன்று காலை ஏற்றுக்கொண்டாள். ஏற்றதும் எனக்கு ஒரு செய்தி வந்தது. புதிய முறை வந்தபின் யாருடைய முதல் திருத்தம் உள்ளே போனாலும் அந்தச் செய்தி தானாகப் போகும்படி கோகிலன் செய்து வைத்திருக்கிறாராம். அதில் இப்படி இருந்தது: "வாசலுக்கு உங்கள் முதல் பங்களிப்பு இது. வாருங்கள், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் காத்திருந்தோம்."

சேர்த்துக்கொண்டதற்கு நன்றி என்று பதில் எழுதினேன்.

அண்ணன்